வீட்டுத் தையலுக்குக் காகிதப் பேட்டர்ன்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

அளவு உடையை முன்னால் வைத்துத் துணியில் நேராகச் சாக்பீஸ் போடுவதா, ஒவ்வொருவருக்கும் காகிதத்தில் பேட்டர்ன் (உடையின் ஒவ்வொரு துண்டுக்குமான அளவுத் தாள்) வெட்டி வைத்துக்கொள்வதா? முதல் உடைக்குப் பேட்டர்ன் கூடுதல் வேலைதான். வரைய, வெட்ட, கோரா துணியில் தைத்துப் பார்க்க என்று ஒரு நாள் முழுக்கப் போய்விடும். இரண்டாவது உடையிலிருந்துதான் லாபம். முதல் உடையில் எங்கே இழுத்தது, எங்கே தொங்கியது என்பதைக் காகிதத்திலேயே திருத்தி வைத்திருந்தால் அந்தத் தவறு அடுத்த துணிக்குப் போகாது. அதனால் திருத்தம் எழுதாத பேட்டர்னை வெறும் காகிதமாகவே நினைக்கிறேன். ஒவ்வொரு தாளிலும் யாருடையது, எந்தத் தேதி அளவு, தையலுக்கு விடும் துணி சேர்த்ததா சேர்க்காததா, நேர்நூல் (துணியின் நீளவாக்கில் ஓடும் நூல்) எந்தப் பக்கம் என்ற நான்கும் இருக்க வேண்டும். மூன்றாவதை எழுதாமல் விடுவதுதான் பெரிய சேதம் செய்யும். ஆறு மாதம் கழித்து எடுத்தால் சேர்த்தோமா என்று நினைவிருக்காது. இரண்டு முறை சேர்த்தால் உடை தொளதொளக்கும், ஒரு முறையும் சேர்க்காவிட்டால் உள்ளே நுழையவே முடியாது.

இணையத்திலிருந்து இறக்கி வீட்டுப் பிரிண்டரில் எடுக்கும் பேட்டர்னுக்கு ஒரு சோதனை கட்டாயம். முதல் பக்கத்தில் ஒரு சதுரம் இருக்கும். பெரும்பாலும் 10 செ.மீ., சிலவற்றில் 1 அல்லது 2 இன்ச். ஸ்கேல் வைத்து அளந்து சரியாக இருந்தால் மட்டுமே மற்ற பக்கங்களை எடுங்கள். பிரிண்டர் அமைப்பில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று இருந்தால் 10 செ.மீ. சதுரம் 9.7 ஆகச் சுருங்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் 38 இன்ச் மார்புச் சுற்றில் ஒரு இன்ச்சுக்கு மேல் காணாமல் போயிருக்கும். இன்னொன்று: சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ் போன்ற அமெரிக்கப் பேட்டர்ன்களில் வழக்கமாக எட்டில் ஐந்து இன்ச் தையலுக்குச் சேர்த்தே வரும். ஜெர்மனியின் பர்தா இதழில் வருவதற்கு நாமே சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி வெட்டக் கூடாது. ஃபிராக், நைட்டி, அரை டிராயர், ஏப்ரனுக்கு இந்தப் பேட்டர்ன்கள் நன்றாகவே உழைக்கின்றன. சேலை பிளவுஸுக்கு உதவுவதில்லை. அவர்களுடைய மேல்சட்டையில் இரண்டு முதல் நான்கு இன்ச் லூஸ் இருக்கும். நம் பிளவுஸ் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டியது, ஒரு இன்ச் லூஸே அதிகம்.

பிளவுஸுக்கு நல்ல வழி, நன்றாகப் பொருந்திய பழைய பிளவுஸ் ஒன்றின் பாதியைத் தையல் பிரித்து, இஸ்திரி போட்டு, பழுப்புத் தாளில் வரைந்துகொள்வது. கழுத்தை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள். வளைவில் வெட்டிய துணி போகப்போக இழுபட்டு அரை இன்ச் வரை அகன்றிருக்கும். கழுத்து அகலத்தையும் ஆழத்தையும் உடம்பில் புதிதாக அளந்து போடுவதே சரி.

பேட்டர்ன் சரியாக இருந்தும் பிளவுஸ் கெடும் இடங்கள் சில உண்டு. டாட்டின் (துணிக்கு வடிவம் கொடுக்கப் பிடித்துத் தைக்கும் கூர் மடிப்பின்) முனை மார்பு உச்சிவரை போனால் அங்கே கூம்பு நிற்கும். அரை முதல் முக்கால் இன்ச் முன்னதாகவே முடித்து, கடைசி இரண்டு மூன்று தையலை மடிப்பின் ஓரத்திலேயே ஓட்டி, நூலை முடிச்சுப் போட வேண்டும். முனையில் பின்தையல் போட்டால் துணி சுருங்கும். கை தூக்கினால் பிளவுஸ் முழுக்க மேலே ஏறுகிறது என்றால் பலரும் ஆம்ஹோலை (கை வந்து சேரும் வளைவை) இன்னும் ஆழமாக வெட்டுவார்கள். அது நோயைக் கூட்டும் மருந்து. ஆம்ஹோல் இறங்க இறங்கக் கையோடு சேர்ந்து உடம்புத் துணியும் அதிகமாக இழுபடும். அக்குளுக்கு அருகில் ஆம்ஹோலை அரை இன்ச் உயர்த்தினால்தான் கை விடுதலையாகும். வெட்டிய பிளவுஸில் இதைச் செய்ய வழியில்லை, பேட்டர்னில்தான் செய்ய முடியும். கையின் மேல் வளைவு ஆம்ஹோல் சுற்றைவிட அரை இன்ச் கூடுதலாக இருந்தால் போதும். கையின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட அரை இன்ச் குடைவாக இருக்கும். முன்பக்கத்துக்கு ஒரு வெட்டுக்குறி, பின்பக்கத்துக்கு இரண்டு என்று பேட்டர்னிலேயே போட்டுவிட்டால் கை மாறித் தைப்பது நின்றுபோகும். ஷோல்டர் வழுகினால் குற்றவாளி பெரும்பாலும் கழுத்தின் அகலம்தான், ஆழம் அல்ல. ஹூக் பட்டி நடுவில் வாய் பிளந்தால் கூட்ட வேண்டியது முன்துண்டின் அகலத்தை மட்டும். பின்துண்டைத் தொடத் தேவையில்லை.

பக்கத் தையலில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்றரை இன்ச் விடுங்கள். நான்கு ஓரங்களிலும் அரை இன்ச் பிரித்தால் மொத்தம் இரண்டு இன்ச் கிடைக்கும். ஒரு இன்ச் மிச்சமும் இருக்கும். தையல்காரர்கள் செய்வதுபோல் பக்கத்தில் இரண்டு மூன்று வரி இணையாக ஓட்டிவைத்தால் உடம்பு போட்டபோது உள்வரி ஒன்றைப் பிரித்தாலே வேலை முடிந்தது.

லைனிங் விஷயத்தில் சமரசமே வேண்டாம். லைனிங்குக்கு எடுக்கும் டூ பை டூ ரூபியா துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். பட்டு பிளவுஸ் முதல் சலவைக்குப் பின் அங்கங்கே கொசுவிக்கொள்வதற்குக் காரணம் மேல்துணி அல்ல, உள்ளே சுருங்கிய லைனிங். அடர்சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களை வெள்ளைத் துணியோடு சேர்த்து நனைத்துப் பார்த்தால் சாயம் போகுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். சுங்குடியும் அப்படித்தான், தனியே நனைத்துப் பாருங்கள். பருத்தி ஐந்து சதவீதம் சுருங்கினால் 40 இன்ச் நைட்டியில் இரண்டு இன்ச் போகும். வாங்கும்போதே அந்த அளவு கூட்டி வாங்குவது நல்லது.

உள்பாவாடைதான் பேட்டர்னுக்கு மிகப் பொருத்தமான உடை. ஆறு பீஸும் ஒரே துண்டின் நகல். 38 இன்ச் நீளத்துக்கு, நாடா மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் சேர்த்து இரண்டு இன்ச் கூட்டினால் 40. இரண்டு நீளம் வேண்டும் என்பதால் 36 இன்ச் அகலப் பாப்ளின் 2 மீட்டரைச் சற்றே தாண்டும். சுருக்கத்துக்கும் சேர்த்து இரண்டேகால் மீட்டர் வாங்கலாம். துண்டுகளைத் தலைகீழாக மாற்றி மாற்றி வைத்தால்தான் இது போதும். ஒரே திசையில் பூப்போட்ட துணியில் இந்தக் கணக்கு செல்லாது. தைக்கும்போது சாய்வாக வெட்டிய ஓரத்தை அடுத்த துண்டின் நேர் ஓரத்தோடு சேர்த்து, சாய்வு ஓரம் மெஷினில் கீழே இருக்கும்படி ஓட்டுங்கள். கீழே உள்ள பற்கள் நீளும் துணியை வாங்கிக்கொள்ளும். சாய்வும் சாய்வும் சேர்ந்தால் நாலு சலவையில் ஓரம் தொங்கிவிடும்.

குழந்தைகளின் பேட்டர்ன் சீக்கிரம் பழசாகும். அதை ஜெராக்ஸில் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். உயரம் வளரும் வேகத்தில் கழுத்து வளர்வதில்லை. பெரிதாக்கிய பேட்டர்னில் தைத்த ஃபிராக் ஷோல்டரில் நிற்காது. மார்பு இரண்டு இன்ச் கூடினால் நான்கில் ஒரு பங்கான ஒவ்வொரு பாகத்துக்கும் அரை இன்ச் பக்கத்தில் சேர்த்து, நீளத்தை மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே தாளைக் குறுக்காக வெட்டி விலக்கி ஒட்டிக்கொள்ளலாம். 24 இன்ச் மார்புக்கு மூன்று நான்கு இன்ச் லூஸ் வையுங்கள். பாவாடைக்குக் கீழ் மடிப்பை மூன்று இன்ச் வைப்பதைவிட உட்புறமாக ஒரு டக் (துணியைக் குறுக்காக மடித்து ஒரு வரி ஓட்டுவது) பிடிப்பது மேல். நீளத்தை இறக்குவதற்கு ஒரு வரி பிரித்தால் போதும், கீழ் ஓரம் கலையாது.

திருப்பூர்ப் பக்கம் கிலோ கணக்கில் கிடைக்கும் பனியன் துணி ஆசையைத் தூண்டும். நேர்தையல் மட்டும் போடும் கால்மிதி மெஷினில் அதைத் தைக்கப் பரிந்துரைக்க மாட்டேன். துணி நீளும், தையல் நீளாது. தலை நுழையும்போது கழுத்துத் தையல் அறுந்துவிடும். ஜிக்ஜாக் வசதியும் முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசியும் இருந்தால் மட்டும் இறங்கலாம்.

சாதாரணப் பருத்திக்கு 14-ஆம் எண் ஊசி, மெல்லிய துணிக்கு 11, ஜீன்ஸுக்கு 16. இன்ச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு தையல். தையல் விட்டுவிட்டு விழுந்தால் நூலை இறுக்கும் டென்ஷனைத் திருகுவதற்கு முன் ஊசியைப் பாருங்கள். தட்டைப் பக்கத்துக்கு எதிரே நீளமாக ஒரு பள்ளம் இருக்கும், நூலை அந்தப் பக்கமிருந்துதான் கோர்க்க வேண்டும்.

மிச்சத் துணிக்குப் பை பேட்டர்ன் ஒன்று போதும்: 14 க்கு 16 இன்ச், கைப்பிடி 24 இன்ச். கிழிவது எப்போதும் கைப்பிடி சேரும் இடத்தில்தான். அங்கே ஒன்றரை இன்ச் சதுரமாக ஓட்டி, உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போட்டால் ஐந்து கிலோ அரிசியைத் தாங்கும்.

தாள் விஷயத்தில், செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். மை வெள்ளைத் துணியில் ஒட்டும். வரைய பழுப்புத் தாளும், திருத்தம் முடிந்த பேட்டர்னை நகலெடுக்கச் சார்ட் அட்டையும் நல்லவை. மடித்து வைத்தால் மடிப்பில் கிழிந்து அளவு மாறும். மேலே ஓட்டை போட்டு, ஒரு ஆளுடையதை ஒரே கயிற்றில் கோர்த்துத் தொங்கவிடலாம். மழைக்காலத்தில் சுவரை ஒட்டித் தொங்கவிடாதீர்கள், ராமபாணப் பூச்சி முதலில் தின்பது ஓரங்களைத்தான்.