247 எழுத்தும் இருக்கிறது, பம்பரம் எழுத முடியவில்லை

மேலூர் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளிக்கு மாற்றுப்பணியில் போகும் தோழி, கடையில் விற்கும் தமிழ் எழுத்து அட்டைப் பெட்டியின் விலை பாதியாகிவிட்டதே, வாங்கலாமா என்று கேட்டிருந்தார். லீவு போட்ட டீச்சரின் வகுப்பில் திடீரென்று போய் நிற்க வேண்டியவர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். பல வருடமாகக் கையில் வைத்துப் பயன்படுத்திய பொருள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். கடையில் கிடைக்கும் இந்த மாதிரிப் பெட்டிகளில் பலவற்றுக்கும் இதே நோய்தான்.

பெட்டியில் என்ன இருக்கிறது என்பது தெரிந்ததுதான்: 247 எழுத்து அட்டைகள், 0 முதல் 9 வரை பெரிய எண் அட்டைகள், கூட்டல் கழித்தல் குறிகள், செயல்பாடு சொல்லும் அட்டைகள் கொஞ்சம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டை நல்ல கனம். ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலும் தரையை விட்டு எழும்பாது. ஏப்ரல் மாத மதுரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்த முடியாது என்பதால் இது சின்ன விஷயமில்லை. சாதாரண சார்ட்டில் வெட்டிய அட்டைகள் வகுப்பு முழுக்கப் பறக்கும். முனைகளை வளைத்து வெட்டியிருக்கிறார்கள், அதனால் லேமினேஷன் சீக்கிரம் பிரிவதில்லை. அச்சும் சுத்தம், கொம்பும் காலும் தெளிவாக இருக்கின்றன.

இனி எரிச்சல். எழுத்துக்கு ஓர் அட்டைதான். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று நெடுங்கணக்கை அப்படியே வெட்டிப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். சுவரில் தொங்கும் அட்டவணைக்கு அது சரி. சொல் அமைக்கும் விளையாட்டுக்கு எப்படிச் சரியாகும்? பம்பரம் என்று வைக்கப் பாருங்கள். 'ப' இரண்டு வேண்டும், 'ம்' இரண்டு வேண்டும். தாத்தாவுக்கு 'தா' இரண்டு. பாப்பா, மாமா, காக்கா, குரங்கு எதுவும் வராது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முதலில் வாயில் வரும் சொற்களில் பாதியை இந்தப் பெட்டியால் எழுத முடியாது. இது ஒரே ஒரு குழந்தை பெட்டியை வைத்து விளையாடும்போது. முப்பது பேரை ஆறு குழுவாக உட்கார வைத்தால், 'ம்' அட்டை எந்தக் குழுவிடம் இருக்கிறதோ அந்தக் குழு மட்டும் மரம், படம், பட்டம் என்று அடுக்கும், மற்ற ஐந்து குழுவும் சண்டைக்கு வரும். முன்பின் தெரியாத வகுப்பில் சண்டையை ஆரம்பித்து வைக்கும் பொருள் எதற்கு?

வேலையே இல்லாத அட்டைகள் இன்னொரு பக்கம். ஔகார வரிசையில் 18 அட்டைகள். கௌதாரி, சௌக்கியம், பௌர்ணமி, மௌனம், வௌவால் என்று ஐந்துக்குத் தொடக்கப்பள்ளியில் வேலை உண்டு. மீதி 13 சும்மா கிடக்கும். ங வரிசை உயிர்மெய் 12இல் அங்ஙனம், இங்ஙனம் என்பதற்கு 'ங' ஒன்று போதும், அதுவும் சின்ன வகுப்பில் வராது. இந்த இரண்டு வரிசையில் மட்டுமே இருபதுக்கு மேல் அட்டைகளுக்கு வேலையில்லை. அந்த இடத்தில் இன்னும் நாலு 'ம்', நாலு 'க', மூன்று 'கு' போட்டிருந்தால் பெட்டி பிழைத்திருக்கும்.

கிரந்த எழுத்து ஒன்றுகூட இல்லை என்பது அடுத்தது. எழுத்து அட்டையைக் கொடுத்ததும் பிள்ளைகள் முதலில் தன் பெயரைத்தான் தேடுவார்கள். இப்போதைய வருகைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்: ஹரிணி, தர்ஷன், யாஷிகா, ஜெயஸ்ரீ. ஷ, ஷி, ஹ, ஜெ, ஸ்ரீ இல்லாமல் வகுப்பில் பல பேருக்கு அவர்கள் பெயரே வராது. அலங்காநல்லூர், பாலமேட்டுப் பக்கத்துப் பிள்ளைகளிடம் "பிடித்த சொல்லை வை" என்றால் ஜல்லிக்கட்டு என்றுதான் ஆரம்பிப்பார்கள். 'ஜ' எங்கே? மதுரை எழுதலாம், வைகை எழுதலாம், ஜிகர்தண்டா எழுத முடியாது. பெயரைத் தேடி ஏமாந்த பிள்ளை அதற்குப் பிறகு அந்த அட்டைகளைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. இதை விலைக் குறைப்பு சரிசெய்யாது.

சொல் விளையாட்டு வேண்டுமென்றால் சொந்தமாகச் செய்துகொள்வதே மேல். கணக்கு இதுதான். ஏ4 அளவு கனமான அட்டையில் அகலவாக்கில் 7 செ.மீ., உயரவாக்கில் 5 செ.மீ. என்று கோடு போட்டால் ஒரு தாளுக்கு 15 அட்டைகள். கீழே மிஞ்சும் பட்டையில் குழுப் பெயர் எழுதிக்கொள்ளலாம். ஒரு குழுவுக்கு 30 அட்டைகள், அதாவது இரண்டே தாள். ஆறு குழுவுக்குப் பன்னிரண்டு தாள்.

அந்த முப்பதில் என்னென்ன எழுத்து என்பதுதான் சூட்சுமம். அ, ஆ, இ. மெய்யில் க், ட், ப், ம், ல், ன். அகரத்தில் க, ட, த, ப, ம, ர, ல, வ. கா, பா, மா. கு, டு, று. ஒரு லை. இது 24. இதோடு க, ப, ம், கா, பா, மா ஆறையும் இன்னொரு முறை எழுதிக்கொள்ளுங்கள். இப்போது கல், பல், ஆடு, மாடு, காடு, இலை, தலை, மலை, அம்மா, அப்பா, அக்கா, மாமா, காக்கா, பாப்பா, பாக்கு, வரகு, தவறு, பம்பரம், ஆலமரம் எல்லாம் வரும். கடல் வரும், அதில் மிதக்கப் படகு, கப்பல், மரக்கலம் மூன்றும் அதே முப்பதுக்குள் கிடைக்கும். ஒன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் இதே பை போதும். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிக்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பென்றால், அரும்பு நிலைப் பிள்ளைகள் இரண்டெழுத்துச் சொல், மொட்டு மூன்றெழுத்து, மலர் நாலும் அதற்கு மேலும் என்று சொல்லிவிடலாம். யார் எந்த நிலை என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

நடத்தும்போது எப்போதும் கெடுவது ஒரே இடத்தில். நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளை முப்பது அட்டையையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், மற்ற நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஆளுக்கு ஆறு அட்டை பிரித்துக் கொடுங்கள். கையில் வைத்திருப்பவர் மட்டும்தான் தன் அட்டையைத் தரையில் வைக்கலாம், அடுத்தவர் தொடக் கூடாது. 'ம்' யாரிடம் இருக்கிறதோ அந்தப் பிள்ளையைக் கெஞ்சாமல் பல சொற்கள் முடியாது என்பதால், எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கும் அந்தக் குழுவில் மதிப்பு வந்துவிடும். ஆகவே 'ம்' இரண்டையும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரிடம் கொடுங்கள். மதிப்பெண் சொல்லுக்கு அல்ல, எழுத்துக்கு: கல் என்றால் 2, பம்பரம் என்றால் 5. இல்லாவிட்டால் கல், பல், பால், கால் என்று சின்னச் சொல்லாகவே அடுக்கிக்கொண்டு போவார்கள். அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று தகராறு வந்தால், வைத்தவர் அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

தாளுக்குப் பதில் பழைய கல்யாணப் பத்திரிகையும் நல்ல கனம், காசும் மிச்சம். பளபளப்பு உள்ள பக்கம் மார்க்கர் மை பிடிக்காது, விரலில் ஒட்டிக்கொண்டு வரும். சொரசொரப்பான பக்கத்தில் எழுதுங்கள். பிள்ளையார் படம், மணமக்கள் பெயர் உள்ள துண்டுகளை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். தரையில் கால் படும் இடத்தில் அவற்றைப் போட யாருக்கும் மனம் வராது, பார்க்கிற பெற்றோரும் சும்மா விடமாட்டார்கள்.

குழுவுக்கு ஒரு நிறத்தில் மூலையில் பொட்டு வைப்பது கட்டாயம். பொட்டு இல்லாமல் ஆறு குழுவின் அட்டைகள் கலந்துவிட்டால் பிரிக்கிற நேரத்தில் அடுத்த பீரியடே போய்விடும். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், வெயிலில் இளகி அட்டையோடு ஒட்டிக்கொண்டு வரும். சுருக்குப்பை போதும். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது முப்பது எண்ணிப் பையில் போடச் சொல்லுங்கள். எண்ணிக்கை குறைந்தால் அந்தக் குழு கடைசியில்தான் எழுந்திருக்கும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் அட்டை தொலைவது அநேகமாக நின்றுவிடும்.

செயல்பாட்டு அட்டைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாதிக்குக் கத்தரிக்கோல், வண்ணத்தாள், பசை வேண்டும். இன்னொருவர் வகுப்பில் நுழைந்தவுடன் இதெல்லாம் யாரிடம் கேட்பது? 'பத்து நிமிடம்' என்று போட்டிருப்பது அரை மணி நேரம் இழுக்கிறது.

ஆனால் அந்த எண் அட்டைகள்! பெட்டியில் இவ்வளவு குறை இருந்தும் நான் அதைத் தூக்கிப் போடாததற்கு அந்தப் பத்து அட்டைகள்தான் காரணம். எழுத்து விஷயத்தில் கழுத்தை அறுக்கும் 'ஒன்றுக்கு ஒன்று' கணக்கு இங்கே அப்படியே பொருந்திவிடுகிறது. ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று கட்டம் போட வேண்டும்: நூறு, பத்து, ஒன்று. நீங்கள் அட்டைகளைக் குலுக்கி ஒன்றை உருவிக் காட்டுங்கள். வந்த எண்ணை ஏதாவது ஒரு கட்டத்தில் உடனே எழுதியாக வேண்டும், பிறகு மாற்றக் கூடாது. அடுத்தது, அதற்கடுத்தது. மூன்றும் முடிந்ததும் யாருடையது பெரிய எண்ணோ அவர் வென்றார்.

முதலில் 5 வந்தால் வகுப்பில் பாதி பேர் அதை நூறில் போடுவார்கள். அடுத்து 9 வரும். பத்தில் போட்டால் 90, ஒன்றில் போட்டால் வெறும் 9, நூறில் போட்டிருந்தால் 900. இடமதிப்பை இவ்வளவு வேகமாகப் பிள்ளையின் வயிற்றில் உணரவைக்கும் வேறு வழி எனக்குத் தெரியாது. உருவிய அட்டையைத் திரும்பச் சேர்ப்பதில்லை என்பதால், நாலாம் ஐந்தாம் வகுப்பில் சில சுற்றுக்குள்ளேயே "9 போயிருச்சு டீச்சர், இனி 8தான் பெருசு" என்று கணக்குப் போட ஆரம்பிப்பார்கள். நூறில் 0 வைத்து 074 என்று ஒருவர் கொண்டுவருவார். அது 74தான் என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

ஈராசிரியர் பள்ளியில் இரண்டு மூன்று வகுப்பு ஒன்றாக உட்கார்ந்திருந்தாலும் கவலையில்லை. அதே அட்டையை உருவும்போது இரண்டாம் வகுப்புக்கு இரண்டு கட்டம், மூன்றுக்கு மூன்று, ஐந்துக்கு ஐந்து. தங்கள் கட்டம் நிரம்பியவர்கள் எண்ணை எழுத்தால் எழுதட்டும். ஒன்றாம் வகுப்பு அத்தனை விரலை நீட்டிக் காட்டினால் போதும். சலித்துவிட்டால் 'சின்ன எண் வெல்லும்' என்று மாற்றுங்கள், அல்லது 500க்கு மிக அருகில் வருபவர். கூடுதலாக ஒரு 'குப்பைக் கட்டம்' கொடுத்தால், வேண்டாத ஓர் எண்ணை அதில் தள்ளலாம். விளையாட்டு இன்னும் கூர்மையாகும்.

ஒரே தொல்லை, பென்சிலால் எழுதிவிட்டு நைசாக அழித்து இடம் மாற்றுவது. ஒவ்வொரு எண்ணுக்கும் பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் நோட்டைக் காட்டிவிட்டுத்தான் அடுத்த அட்டை என்று வைத்துக்கொண்டால் அது அடங்கிவிடும். ஒரு சுற்று இரண்டு மூன்று நிமிடம். எந்த நொடியில் மணி அடித்தாலும் நிறுத்திவிட்டு வெளியே வரலாம், பொறுக்க வேண்டியது பத்தே அட்டை. லீவு டீச்சர் வகுப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நியாயத்துக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 247 அட்டையும் ஒன்றாக வேலை செய்யும் ஒரு செயல்பாடு உண்டு. முப்பது பேருக்கு ஆளுக்கு எட்டு அட்டை கொடுத்து, மிஞ்சும் ஏழு அட்டையைக் கேட்பவர்களுக்குக் கொடுத்து, தரையில் சாக்பீஸால் வரிசை தலைப்பு மட்டும் எழுதி, முழு அட்டவணையையும் அடுக்கச் சொன்னால் இரண்டாம் வகுப்புக்கு முழு பீரியடும் ஓடும். அங்கே மட்டும் ஙௌவுக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. ஒரு வகுப்பில் ஒருமுறை செய்யலாம், மறுமுறை ருசிக்காது.

தோழிக்குப் பதில்: வாங்காதீர்கள். கனம் நன்றாக இருக்கிறது, அச்சு நன்றாக இருக்கிறது, எண் அட்டைகள் அருமை; இருந்தாலும் சொந்தக் காசில் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து எண்ணை நீங்களே பெரிதாக எழுதிக்கொள்ளலாம், 6க்கும் 9க்கும் அடியில் கோடு போட மறக்காதீர்கள். ஏற்கெனவே பள்ளியில் பெட்டி இருந்தால், ங வரிசை, ஔகார வரிசை அட்டைகளின் பின்பக்கம் கம்பெனிப் படத்தின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, ம், ன், க், ப, ம, தா, பா, மா, கா, கு, டு, து ஆகியவற்றையும் ஜ, ஜி, ஜெ, ஷ, ஷி, ஹ, ஸ்ரீ ஏழையும் எழுதிக்கொள்ளுங்கள். முன்பக்கம் அட்டவணைக்கு, பின்பக்கம் சொல்லுக்கு. பால்பாயின்ட் பேனாவால் எழுத வேண்டாம், ஸ்டிக்கரில் வியர்வைக் கை பட்டு இழுவிவிடும். பெர்மனென்ட் மார்க்கர்தான் நிற்கிறது.