ரெக்டிஃபையர் போர்டு வாங்குகிறீர்களா? முதலில் கெப்பாசிட்டரைப் பாருங்கள்

சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒன்றுக்காக, ஏசியை டிசியாக்கும் ரெடிமேட் போர்டு ஆன்லைனில் வாங்கினேன். கரண்ட்டை ஒரே திசையில் விடும் நாலு டையோடு, அதைச் சேமித்து ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான் சர்க்யூட். இதில் என்ன ஏமாற்ற முடியும் என்று நினைத்தேன். முடிகிறது.

12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை மாட்டியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். வாரம் தாண்டுவதற்குள் கெப்பாசிட்டரின் தலை உப்பிக்கொண்டது. பக்கத்தில் போனால் கவிச்சி வாடை.

கழற்றி, பிளேடால் மேலுறையைக் கீறினேன். உள்ளே இன்னொரு உறை! வெளியே '2200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட்'; உள்ளே '1000, 16 வோல்ட்'. மைக்ரோஃபாரட் என்பது சேமிக்கும் கொள்ளளவு, வோல்ட் என்பது அது தாங்கும் உச்ச அளவு.

12 வோல்ட் ஏசி என்றால் அதன் உச்சம் 17 வோல்ட் இருக்கும். ஒரு நேரத்தில் கரண்ட் கடக்கும் இரண்டு டையோடில் 1.4 வோல்ட் போனாலும் மீதி 15.6. லோடு (கரண்ட் இழுக்கும் கருவி) இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் 14 வோல்ட் வரை தள்ளினால், கெப்பாசிட்டரில் 18-ஐத் தாண்டிவிடும். 16 வோல்ட் சரக்கு எத்தனை நாள் தாங்கும்? இரைச்சலுக்குக் காரணம் குறைந்த கொள்ளளவு. அரை ஆம்பியர் இழுத்தால் 2200-இல் சுமார் 2 வோல்ட் ஏற்ற இறக்கம். 1000-இல் கிட்டத்தட்ட 5.

விற்றவரிடம் கேட்டேன். "ஏசி வயரை மாத்திக் கொடுத்திருப்பீங்க சார்" என்றார். இப்படி நாலு டையோடு உள்ள பிரிட்ஜ் ரெக்டிஃபையரில் ஏசி வயரை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் ஒன்றுதான், அதற்காகத்தானே நாலு டையோடு! அதைச் சொன்னதும், "உறையைக் கிழிச்சிட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்று முடித்துக்கொண்டார். கிழிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பதாம்?

கண்டுபிடிக்கலாம், எனக்குத்தான் பிறகு உறைத்தது. 2200/25 கெப்பாசிட்டர் பொதுவாக 13 மி.மீ. அளவு பருமன் இருக்கும். எனக்கு வந்தது 10 மி.மீ.தான், ஸ்கேல் வைத்திருந்தாலே போதும். மல்டிமீட்டரில் கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் வசதி இருந்தால், கரண்ட் கொடுக்கும் முன்பே அளந்துவிடுங்கள். 20 சதவீதம் முன்பின் இருப்பது சகஜம். பாதிக்கும் கீழே காட்டினால் அப்படியே படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள். வெறும் வோல்டேஜை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், லோடு இல்லாமல் இந்தப் போலியும் ஜம்மென்று வோல்ட் காட்டியது.

ஏற்கெனவே வாங்கி மாட்டியவர்கள் பிளக்கைப் பிடுங்கி, ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கெப்பாசிட்டரின் இரு கால்களுக்கும் குறுக்கே சில நொடிகள் வைத்து, சார்ஜை இறக்கிவிட்டுத் தொடுங்கள். டையோடுகளில் குறையில்லை. ஒழுங்கான 35 வோல்ட் கெப்பாசிட்டரை மாற்றி சால்டர் வைத்த பிறகு, அதே போர்டில்தான் ஆம்ப்ளிஃபையர் பாடிக்கொண்டிருக்கிறது.