காசல்ரீ பக்கம் 'வாகனமில்லாத சைக்கிள் பயணம்': காசு கட்டுமுன் இதை வாசியுங்கள்

'வாகனமே இல்லாத கிரவல் பாதை, ஏரிக்கரை, காடு, இரண்டு நாள் சைக்கிள் பயணம்' என்ற விளம்பரம் உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். எனக்கு டிசம்பரில் வந்தது. தைப்பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை நானும் பதின்மூன்று வயது மகளும் போனோம். அன்று மத்தியானமே டிக்கோயா ஆஸ்பத்திரியில் அவள் கையில் நான்கு தையல் போட்டார்கள்.

முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் நடத்துகிறவர்களின் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை மட்டும் முழுசாக எழுதுகிறேன். ஏப்ரல் லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நிறையப் பேர் யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

நான் பிறந்தது பொகவந்தலாவைப் பக்கம், தோட்டத்து லயத்தில். மகள் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். கொழும்பில் நாங்கள் குடிப்பது களனி கங்கைத் தண்ணீர். அந்த ஆறு தொடங்குவது எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்குவது கெஹெல்கமு ஓயா, மவுசாக்கலையில் தேங்குவது மஸ்கெலி ஓயா, கீழே போய் இரண்டும் சேர்ந்தால் களனி. அதை அவளுக்குக் கண்ணால் காட்ட வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. காரில் போய்க் காட்டலாம்தான். ஆனால் அந்த மலைகளை மெதுவாகப் பார்க்க வேண்டும். அதனால்தான் சைக்கிள்.

விளம்பரப் படத்தைப் பார்த்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, இதுல ஒரு தேயிலைச் செடிகூட இல்லையே?" வெள்ளைச் சரளை போட்ட அகலமான பாதை, இரண்டு பக்கமும் நெட்டையாக ஊசியிலை மரங்கள், ஓரத்தில் கண்ணாடி மாதிரி ஏரி. பைனஸ் காடு எங்கள் பக்கமும் இருக்கிறது, அதுவாக இருக்கும் என்றேன். பிறகு தேடிப் பார்த்தபோது அது பின்லாந்துப் படம் என்று தெரிந்தது. அங்கே காட்டுக்குள் மரம் ஏற்றும் லொறிகளுக்காகப் போட்ட சரளைப் பாதைகள் ஏராளம். இயற்கையான இடங்களில் யாரும் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம் என்ற உரிமையும் அந்த நாட்டில் உண்டு. நம் மலையகத்தில் அப்படி இல்லை. பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் 1992இலிருந்து கம்பனிகளிடம் இருக்கிறது. தேயிலை மலைக்குள் போகிற பாதை தோட்டத்துப் பாதை. தோட்டத்து முகாமையாளரான துரையின் அனுமதி இல்லாமல் வெளியாட்கள் போக முடியாது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கேட்டேன். 'தோட்ட அனுமதி, வழிகாட்டி, சைக்கிள், தங்குமிடம் எல்லாம் உட்பட' என்று எழுத்தில் பதில் வந்தது. அதை நம்பினேன்.

இரண்டு பேருக்கு 42,000 ரூபா. பாதி முற்பணம். அதற்கு மேல் சைக்கிள்களுக்கு வைப்புப் பணம் 10,000. அனுப்பச் சொன்ன வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. ரசீது கேட்டதற்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

காலை ஏழரைக்கு ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கெப் வண்டி வந்தது. இறங்கிய பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். வழிகாட்டி என்றான். சுற்றுலா அதிகார சபையின் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறது அண்ணே என்றான். கெப்பிலிருந்து இறக்கியவை படத்தில் காட்டிய சைக்கிள்கள் இல்லை. பழைய மவுண்டன் சைக்கிள்கள் இரண்டு. மகளுடையதில் பின் டயரின் பக்கவாட்டில் ரப்பர் தேய்ந்து உள்நூல் வெளியே தெரிந்தது. பிரேக்கைப் பிடித்தால் லீவர் ஹேண்டிலில் போய் முட்டியது. குனிந்து பார்த்தேன். பிரேக் கட்டையில் இருக்க வேண்டிய கோடுகள் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் ரப்பர் முடிந்து உலோகமே ரிம்மில் உரசி, ரிம்மில் வளையம் வளையமாகக் கீறல் விழுந்திருந்தது. மாற்றிக் கொடு என்றேன். கேபிளை இறுக்கினான், "இப்ப சரி அண்ணே" என்றான். சமதரையில் நான் ஓட்டிப் பார்த்தபோது நின்றது. என் சைக்கிளின் பிரேக் கொஞ்சம் நல்லது. அதை அவளுக்குக் கொடுத்திருக்கலாம், ஆனால் அவள் உயரத்துக்கு அது சரிவரவில்லை.

அப்புறம் ரோடு. வாகனமே இல்லாத பாதை என்றவன் எங்களை ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் போகிற மெயின் ரோட்டில்தான் ஏற்றினான். கொஞ்ச தூரம்தான் என்றான். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாத மலை சீசன். மலையடிவாரத்தில் இருக்கிற நல்லதண்ணிக்குப் போகிற பஸ்ஸும் வேனும் மஸ்கெலியா வழியாக இந்த ரோட்டில்தான் போகும். சனிக்கிழமை காலையில் மலை இறங்கித் திரும்புகிற வண்டிகள் வேறு. இராத்திரி முழுக்கத் தூங்காத டிரைவர்கள். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், வளைவுக்கு வளைவு ஹோர்ன். பிள்ளையை எனக்கு முன்னால் விட்டு, அவள் முதுகையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். காசல்ரீ தண்ணீர் கீழே பளபளவென்று தெரிந்தது. அவளால் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

நோர்வூட்டுக்குக் கிட்ட ஒரு தோட்டத்துக்குள் திருப்பினான். கேட்டில் வாட்சர் நிறுத்தினார்.

"தொரைகிட்ட லெட்டர் வாங்கினீங்களா தம்பி?"

பையன் யாருக்கோ போன் எடுத்தான், பதில் இல்லை. பிறகு ஐந்நூறு ரூபாயை மடித்து நீட்டினான். வாட்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்குக் காசு வேணாம். மேல குளவிக் கூடு கலைஞ்சிருக்கு, நேத்து ரெண்டு பொம்பளப் பிள்ளைகள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒங்க பிள்ளைய அதுக்குள்ள விடச் சொல்றீங்களா ஐயா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்களுக்குக் குளவி எப்படிப்பட்ட ஆபத்து என்று பார்த்து வளர்ந்தவன் நான். அனுமதி என்பது வெறும் கடிதம் இல்லை. எந்த மலையில் குளவி, எங்கே மருந்து அடித்திருக்கிறார்கள், எந்தப் பாதை சரிந்திருக்கிறது என்று தெரிந்த ஒருவர், நாம் வருவதையும் தெரிந்து வைத்திருப்பதுதான் அனுமதி.

அங்கிருந்து திரும்பிவிடலாம் என்றேன். வேறு ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது, பொதுப்பாதை, ஏரிக்கரைக்கே இறங்கும் என்றான். இறக்கம் என்றால் அப்படி ஓர் இறக்கம். முட்டைக் கற்கள் பாவிய பழைய பாதை, நடுவில் மழைத் தண்ணீர் அரித்த வாய்க்கால். இறங்கித் தள்ளிக்கொண்டு வா என்று நான் கத்துவதற்குள் மகள் வேகம் பிடித்துவிட்டாள். "அப்பா, பிரேக் பிடிக்கல!" என்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வளைவில் அவள் நேரே போய்த் தேயிலைக்குள் விழுந்தாள். செடிகள்தான் அவளைத் தாங்கின. ஆனால் அது கவ்வாத்து வெட்டிய மலை. வெட்டின குச்சிகள் கூர் கூராக நின்றன. அதில் ஒன்று முன்கையைக் கிழித்துவிட்டது.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இரண்டு அக்காமார் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். ஒருவர் போத்தல் தண்ணீரால் காயத்தைக் கழுவினார், மற்றவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பியதும் அவர்கள்தான். வழிகாட்டிப் பையன் இரண்டு சைக்கிளையும் ரோட்டுக்குத் தள்ளி, கெப்பை வரவழைத்து, ஏற்றிக்கொண்டு போய்விட்டான். முதலுதவிப் பெட்டி என்று ஒன்று அவனிடம் இருக்கவில்லை. போன இடம் சேர்ந்தீர்களா என்று ஒரு அழைப்பும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு செய்தி வந்தது. சைக்கிளின் ஹேண்டிலும் முன் சக்கரமும் சேதமாம், வைப்புப் பணம் கிடைக்காது, மீதித் தொகையையும் அனுப்ப வேண்டுமாம். ஆஸ்பத்திரிச் சீட்டை அனுப்பினேன். இலக்கத்தைத் தடை செய்துவிட்டார்கள்.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்து நுகர்வோர் அதிகார சபையிடம் விசாரித்து, எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். வங்கிப் பணப் பரிமாற்றம், விளம்பரப் படம், 'அனுமதி உட்பட' என்ற செய்தி, மகளின் ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றின் பிரதியையும் சேர்த்தேன். தடை செய்யுமுன் செய்திகளைப் படம் பிடித்து வைத்திருந்தது பெரிய உதவி. அனுமதியில்லாத வழிகாட்டி பற்றிச் சுற்றுலா அதிகார சபைக்கு 1912 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

பயணம் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெப்ரவரி கடைசியில் நாங்கள் மறுபடி போனோம். பெரியம்மா மகன் வேலை செய்கிற தோட்டத்தில், ஒரு வாரத்துக்கு முன்பே ஆபீசுக்குக் கடிதம் கொடுத்து, எந்தப் பாதை, எத்தனை மணி என்று எழுதி வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை மலையில் வேலை இல்லை, கொழுந்து லொறியும் ஓடாது. கொழும்பில் ஒரு சைக்கிள் கடையில் 45 மில்லிமீற்றர் டயரும் டிஸ்க் பிரேக்கும் உள்ள இரண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்து, வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். மூன்று மணி நேரத்தில் எதிரே வந்தது ஒரு மோட்டார் சைக்கிள், பிறகு பால் கேனோடு ஒரு தாத்தா. டயருக்குக் கீழே சரளை நொறுங்குகிற சத்தம், கீழே ஏரி, அந்தப் பக்கம் சிவனொளிபாத மலை. மகள் நினைத்த இடத்தில் எல்லாம் நிறுத்தினாள். இறக்கத்துக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் இரண்டு லீவரையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

போன வாரம் அதே பின்லாந்துப் படம் வேறொரு பெயரில் என் போனுக்கு வந்தது. அதே வெள்ளைச் சரளை, அதே ஊசியிலை மரங்கள், மேலே 'காசல்ரீ' என்று பெரிய எழுத்தில். கீழே கொடுத்திருந்த வங்கிக் கணக்கும் அதே ஆளுடையதுதான். உங்களுக்கும் வந்தால் காசு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பி ஏமாந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். இரண்டாவது முறைப்பாடு ஒன்று சேர்ந்தால் என்னுடையதும் பலமாகும்.