"ஃபுல்லா ரீஸ்டோர் பண்ணது" என்று வந்த சிங்கர் 66: பெயிண்டுக்கு அடியில் என்ன இருந்தது

"உட்கார்ந்து அப்படியே தைக்கலாம்" என்று சொல்லி விற்கப்பட்ட மிதி மெஷின் இது. சிங்கர் 66, மர மேஜையோடு. போட்டோவில் கறுப்பு கண்ணாடி மாதிரி மின்னியது, தங்க டீக்கால் (ஒட்டிய தங்கநிறச் சித்திரம்) புத்தம் புதிதாக இருந்தது. வந்த மெஷினில் நாலு தையல்கூடப் போட முடியவில்லை. கேட்டதற்கு "பழைய மெஷின்னா டைட்டாத்தான் இருக்கும்" என்று பதில் வந்தது, திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். அந்தப் பதில் அப்பட்டமான பொய். நல்ல நிலையில் உள்ள 66-ல் பெல்ட்டைக் கழற்றி, ஃபுட்டை (துணியை அழுத்தும் பாதத்தை) தூக்கிவிட்டு, கைச்சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினால், கையை எடுத்த பிறகும் அது சுற்ற வேண்டும். இதில் கால் சுற்றோடு நின்றது.

காரணம் அந்தப் பளபளப்புதான். இந்த மெஷின்களின் ஒரிஜினல் கறுப்பு, தார் கலந்து சூளையில் சுட்ட ஜப்பான் பூச்சு. அதன்மேல் டீக்கால், டீக்காலுக்கு மேல் ஷெல்லாக் என்ற அரக்கு வார்னிஷ். விற்றவர் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு, பாகங்களைக் கழற்றாமலேயே ஸ்ப்ரே அடித்திருக்கிறார். மெஷினின் கைப்பாகத்தின் மேல்பக்கம் இருக்கும் எண்ணெய்த் துளையில் பல்குத்தும் குச்சியை வைத்தால் இறங்கவில்லை. பெயிண்ட் மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருந்தது. எண்ணெய் விட்டால் துளைமேல் முத்தாக நின்று, பக்கத்தில் வழிந்தது. உள்ளே பழைய எண்ணெய் காய்ந்து பழுப்புப் பிசினாகக் கிடக்க, புது எண்ணெய் ஒரு சொட்டுகூட ஷாஃப்டுக்குப் போகவில்லை. இப்படியே பலவந்தமாக மிதித்தால் உலோகம் உலோகத்தோடு உரசித் தேயும். திருகுகளின் வெட்டுகளிலும் கறுப்பு நிரம்பியிருந்தது. ஸ்ப்ரே அடித்த மெஷினைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய அடையாளம் கிடையாது. டீக்காலின் ஓரத்தை நகத்தால் வருடினால் தட்டியது. பழைய டீக்கால் ஷெல்லாக்குக்கு அடியில் இருக்கும், நகத்துக்கு அகப்படாது.

வயதிலும் ஏமாற்று. "1890-ல் செய்தது" என்று எழுதியிருந்தார்கள். சீரியல் நம்பர் ஜி எழுத்தில் தொடங்குகிறது. சிங்கர் நம்பருக்கு முன்னால் ஒற்றை எழுத்து வந்தாலே அது 1900-க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஜி வரிசை 1910-ல்தான் தொடங்கியது. இரண்டு எழுத்து இருந்தால் 1924 அல்லது அதற்குப் பிறகு. பாபினை மூடும் ஸ்லைடு தகட்டில் பொறித்திருப்பது காப்புரிமைத் தேதி, அதைத் தயாரிப்பு ஆண்டாகக் காட்டி விற்பவர்கள் உண்டு. 1851–1951 என்ற நீல விளிம்பு பேட்ஜைக் காட்டி "1851 மெஷின்" என்பதும் அதே ரகம். அது கம்பெனியின் நூற்றாண்டுக்குப் போட்ட பேட்ஜ்.

கூட வந்த சாமான்களைப் பார்த்தால் கோபம் இன்னும் ஏறும். இந்த 66 ஆரம்ப வகை, ஃபுட் பின்பக்கமாகத் திருகும் அமைப்பு. கொடுத்தது பக்கவாட்டில் திருகும் ஃபுட் செட், ஒன்றுகூடப் பொருந்தாது. பாபின்கள் தட்டையான 15 வகை. 66-க்கு வேண்டியது சற்றுக் குவிந்த மேற்புறம் உள்ள, உயரம் குறைந்த 66 வகை. 15-ஐத் திணித்தால் அது பாபின் கேஸில் இடித்து நிற்கும், அடிநூல் இழுபடும். ஊசியையும் திருப்பிப் போட்டிருந்தார்கள். 66-ல் ஊசியின் தட்டைப் பக்கம் பின்னால் இருக்க வேண்டும், நூல் முன்னாலிருந்து பின்னால் கோக்க வேண்டும். இந்த மெஷினை ஒருமுறைகூடத் தைத்துப் பார்க்காமல் விற்றிருக்கிறார்கள் என்பதற்கு இந்த ஊசியே சாட்சி.

பாபின் சுற்றும்போது ஊசி நிற்கவில்லை. சக்கரத்தின் நடுக் குமிழுக்குள் இருக்கும் மூன்று காது வாஷரை மாற்றிப் போட்டதுதான் காரணம். குமிழின் சின்னத் திருகைத் தளர்த்தி, குமிழைக் கழற்றி, வாஷரை அரைச்சுற்று திருப்பிப் போட்டால் சரியாகும். உள்காதுகள் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்திருக்க வேண்டும்.

மேஜையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத் தகடு) உப்பிய இடங்களில் மரப் புட்டி அடைத்து, அதன்மேல் கெட்டியான பாலியூரித்தேன் வார்னிஷ். விரல் நுனியால் தட்டிக்கொண்டே போனால் ஒட்டாத இடத்தில் சத்தம் மாறி, பொள்ளலாகக் கேட்கும். டிராயரை உருவிக் கவிழ்த்தபோது அடிப்பலகையில் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள், மைதா மாதிரி மாவு. கறுப்புக் காகிதத்தை அடியில் விரித்து வைத்தோம். ஒரு வாரத்தில் புது மாவு விழுந்தது, பூச்சி உயிரோடு இருக்கிறது. இப்படிப்பட்ட மேஜையை மற்ற மரச் சாமான்களோடு வைக்கவே கூடாது. மெஷினின் தலையை, அதாவது மேஜைமேல் இருக்கும் தையல் பாகத்தைப் பிடிக்கும் இரண்டு கீல் முளைகளுக்கு அடித்தட்டின் கீழே திருகுகள் உண்டு. இரண்டுமே இறுக்கப்படவில்லை. பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள தலையைப் பின்னால் சாய்த்திருந்தால் நேராகக் காலில் விழுந்திருக்கும். எந்த மெஷினாக இருந்தாலும் சாய்க்கும் முன் அந்தத் திருகுகளைப் பாருங்கள்.

வாங்கும் முன் அழகான போட்டோ கேட்காதீர்கள். தலையைச் சாய்த்து அடிப்பக்கம், ஸ்லைடு தகட்டைத் திறந்த பாபின் இடம், சீரியல் நம்பர், எண்ணெய்த் துளைகள், மேஜையின் அடிப்புறம் இவற்றின் படம் கேளுங்கள். வீடியோவில் மேல்நூல் ஒரு நிறம், அடிநூல் வேறு நிறம் போட்டு, இரண்டு மடிப்புப் பருத்தித் துணியைக் கையால் மெதுவாகச் சுற்றித் தைத்து, துணியின் இரு பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். தலையைத் தனியாகக் கழற்றி, மேஜையைத் தனியாக அனுப்பச் சம்மதிக்காதவரிடம் வாங்கவே வேண்டாம்.

ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு: துளையில் உள்ள பெயிண்டை மெல்லிய பித்தளைக் கம்பியால் கிளறுங்கள். துகள் உள்ளே விழாமல் இருக்க மெஷினைக் கவிழ்த்து வைத்துச் செய்யுங்கள். பிறகு இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய், ஓர் இரவு ஊறல், காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைப்பது. அழுக்கு கசிவது நிற்கும்வரை இதையே திரும்பச் செய்து, கடைசியில் மெஷின் எண்ணெய் விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், அதுதான் பிசினாகும். பக்கத்தில் ஒரிஜினல் டீக்கால் மிஞ்சியிருந்தால் ஸ்பிரிட், அம்மோனியா கலந்த கிளீனர் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஷெல்லாக் கரைந்தால் தங்கம் வெள்ளியாக வெளுத்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

இந்த 66-ல் நாலாவது இரவுக்குப் பிறகு சக்கரம் இரண்டு சுற்று தானாகப் போகிறது. மேஜையை வெளியே தனியாக வைத்திருக்கிறோம்.