கூலண்ட் அடர்த்தி: கையால் பார்ப்பதா, லைனில் சென்சார் மாட்டுவதா?

பெங்களூரு பீன்யாவில் எங்கள் பட்டறையில் ஆறு சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் மெஷின்) ஓடுகின்றன. வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் எண்ணெய்-தண்ணீர்க் கலவைதான் கூலண்ட்; அதில் எண்ணெய் எத்தனை சதவீதம் என்ற அடர்த்தியைப் பல வருஷமாக, ஒளி வளைவதை வைத்து அளக்கும் கை ரிஃப்ராக்டோமீட்டரில்தான் பார்த்தோம். போன வருஷம் இரண்டு மெஷினில் குழாயிலேயே மாட்டும் ஆப்டிகல் சென்சார் போட்டோம். நான் சென்சார் பக்கம்தான்.

கைக்கருவி மலிவு, ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் போதும். ஆனால் அதில் வருகிற பிரிக்ஸ் (கருவியின் அளவுகோல்) எண்ணை அந்த கூலண்டின் ஃபேக்டரால் பெருக்க வேண்டும், ஃபேக்டர் 1.5 என்றால், 4 காட்டினால் 6 சதவீதம். மெஷின் நகரும் தடங்களுக்கு விடும் ஸ்லைடுவே ஆயில் கலந்துவிட்டால் நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள கோடு மங்கி, ஒருவர் 5 என்பார், இன்னொருவர் 7 என்பார். எங்கள் ரெஜிஸ்டரில் ஒரு வாரம் முழுக்க 6, 6, 6 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தது.

நடுவில் கூலண்ட் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளக்கும் கண்டக்டிவிட்டி ப்ரோபும் விசாரித்தோம். இங்கே போர் தண்ணீர், கடினமானது. தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு தொட்டியிலேயே தங்கும், மேலே ஊற்றுவதும் அதே தண்ணீர். உப்பு ஏற ஏற ரீடிங்கும் ஏறும், எண்ணெய் கூடிவிட்டது என்று நாம் ஏமாறுவோம். ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுகிறவர்களுக்கு வேண்டுமானால் சரிப்படும்.

சரி, ஆப்டிகல் சென்சார். இதில் எல்லாமே ஒளி போய்வரும் அதன் கண்ணாடியைத் துடைப்பதில்தான் இருக்கிறது. மாட்டிவிட்டு மறந்துவிடலாம் என்று விற்றவர் சொன்னதை நம்பி முதலில் தொட்டிக்குள்ளேயே மாட்டினோம். மூன்றாவது வாரம் ரீடிங் 9-இல் நின்றுவிட்டது. கழற்றினால் கண்ணாடி மேல் பழுப்புப் படலம், விரல் வைத்தால் வழுக்கியது. அப்புறம் ஃபில்டரைத் தாண்டி ஒரு பைபாஸ் குழாய் எடுத்து, இரண்டு பக்கமும் வால்வு வைத்து மாற்றினோம். இப்போது திங்கள் காலை வால்வை மூடி, கழற்றித் துடைத்து, சுத்தமான தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்து மாட்டப் பத்து நிமிஷம் ஆகிறது. அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஆள் ஒதுக்க முடியாது என்றால் சென்சார் வாங்கவே வேண்டாம், படலம் பிடித்த கண்ணாடி பொய்யைத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

துடைத்து வைத்தால் கிடைப்பது பெரிது. ஒரு மதியம் எங்கள் பட்டறை ஓசூர்த் தம்பி சென்சார் ரீடிங்கைப் பார்த்து, "அண்ணா, ஏழுல இருந்தது அஞ்சுக்கு வந்துடுச்சு" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் புதுப் பையன் குடம் குடமாக வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான். முன்பென்றால் ஸ்டீல் பீஸில் துரு ஏறிய பிறகுதான் தெரிந்திருக்கும்.

பிஎச் (அமிலமா காரமா என்ற அளவு) பார்க்க இன்னும் நிறம் மாறும் பட்டைத் தாள்தான், கை ரிஃப்ராக்டோமீட்டரும் வாரம் ஒரு தடவை ஒத்துப் பார்க்க மேஜையில் இருக்கிறது. நான் சொல்வது அலுமினியம், ஸ்டீல் ஓட்டிய அனுபவம் மட்டும். வார்ப்பிரும்பு ஓட்டுகிறவர்கள் முதலில் ஒரே ஒரு மெஷினில் மாட்டிப் பாருங்கள். எங்கள் மீதி நாலு மெஷினுக்கும் பைபாஸ் குழாய் போட்டாயிற்று, சென்சார்தான் பாக்கி.