11 ஆண்டுகளில் நான்கு முறை உடைத்த வீடு: எது நிலைத்தது, எது வீணானது

வீட்டை விற்பதென்று முடிவானதும் முதலில் பார்க்க வந்தவர் வரவேற்பறையில் நிற்கவே இல்லை. நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தார். அப்புறம் படுக்கையறைக்குள் வந்து, கூரையின் நான்கு மூலைகளையும் அண்ணாந்து பார்த்தார். ஆசை ஆசையாக நாங்கள் போட்ட ஃபால்ஸ் சீலிங்கின் அடியில் நின்றுகொண்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "இதுக்கு மேல ஓதம் ஏதாவது இருக்கா?"

11 ஆண்டுகள் இந்த வீட்டில் இருந்தோம். நான்கு முறை பெரிய வேலை பார்த்தோம். ஒவ்வொரு முறையும் இரண்டு நியாயம் சொல்லிக்கொண்டோம்: நாம் வசதியாக இருக்கலாம், விற்கும்போது விலையும் கூடும். இரண்டும் சேர்ந்து கிடைத்த வேலைகள் சில உண்டு. இரண்டுமே கிடைக்காதவையும் உண்டு. புதுப்பிக்கும் யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் தவறு குடிவந்த மாதமே நடந்தது. ஒரு சுவரில் பெயின்ட் லேசாக உப்பியிருந்தது. சுரண்டி, பட்டி பார்த்து, நல்ல பெயின்டாக வாங்கி அடித்தோம். எட்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி உப்பி, வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்தது. சுவருக்குள் ஊறும் தண்ணீர் செங்கல்லிலும் கலவையிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. தண்ணீர் ஆவியானதும் உப்பு மேற்பரப்பில் தங்கிவிடுகிறது. தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் மேலே என்ன பூசினாலும் அது உரிந்துதான் வரும். எங்களுக்கு வழி பின்பக்கத்துக் குளியலறையில் இருந்தது.

அதனால் இரண்டாம் ஆண்டு குளியலறையை முழுவதும் உடைத்தோம். என் கணக்கில் இந்த வீட்டுக்கு நாங்கள் செய்த மிகச் சிறந்த செலவு இதுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொத்தனார் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார். சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. என் மனைவிதான் ஒப்புக்கொள்ளவில்லை. உடைத்துப் பார்த்தால் அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு என்று ஒன்றே இல்லை. தரை முழுவதும் பூசி, சுவரில் ஒரு அடி உயரத்துக்கு ஏற்றினோம். ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு ஏற்றினோம். பூச்சு காய்ந்ததும் வடிகால் வாயை அடைத்துத் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விட்டோம். இந்தச் சோதனையைத் தவிர்க்கச் சொல்லி எல்லோரும் அவசரப்படுத்துவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்து வாட்டம். ஒரு மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை தரை வடிகாலை நோக்கிச் சரிந்தால் தண்ணீர் தேங்காது, கால் வைக்கும்போது சாய்வும் உறுத்தாது. வழவழப்பான பெரிய டைல்ஸ் கண்ணுக்கு அழகாக இருந்தது. நாங்கள் எடுத்தது சொரசொரப்பான சின்ன டைல்ஸ். இணைப்புகளுக்கு சாதாரண சிமென்ட் கிரவுட் போடாமல் எபாக்சி என்ற பிசின் கலவை போட்டோம். ஒன்பது ஆண்டு கழித்தும் கறை ஏறவில்லை, பின்பக்கச் சுவரில் ஒரு பொட்டு ஓதமும் இல்லை.

இதே குளியலறையில் செய்யாமல் விட்டதும் ஒன்று உண்டு. சுவரில் கைப்பிடிக் கம்பி வைக்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்று வேண்டாமென்றோம். ஆறாம் ஆண்டு அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. வீட்டுக்கு அழைத்து வந்த அன்று வாக்கர் குளியலறைக் கதவுக்குள் நுழையவில்லை. 70 சென்டிமீட்டர் கதவு, சட்டம் போக உள்ளே இன்னும் குறைவு. கதவை அகலப்படுத்த மறுபடி சுவரை உடைத்தோம், கம்பிக்காக நல்ல டைல்ஸில் துளை போட்டோம். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த இரண்டு வாரங்களை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. குளியலறை வேலை எடுக்கும்போதே கதவு திறந்த நிலையில் 80 சென்டிமீட்டருக்குக் குறையாத வழி கிடைக்கும்படி வையுங்கள், கம்பி வரும் இடத்தையும் குறித்துவிடுங்கள். இன்று தேவையில்லாவிட்டாலும் பரவாயில்லை. வீடு பார்க்க வந்தவர்களில் வயதான பெற்றோரை வைத்திருந்த இரண்டு குடும்பங்கள் அந்தக் கம்பியைக் கையால் பிடித்து அசைத்துப் பார்த்தன.

குளியலறை உடைந்து கிடந்தபோதே மின்சார வேலையையும் சேர்த்து முடித்தோம். பழைய வயர் மாற்றம், சமையலறைக்கும் குளிர்சாதனத்துக்கும் தனித்தனி இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி, கட்டிலின் இரு பக்கமும் பிளக். கண்ணில் படுகிற வேலை எதுவுமில்லை. ஆனால் எக்ஸ்டென்ஷன் வயர் தரையில் ஓடாத வீடு எவ்வளவு நிம்மதி என்பது இருந்து பார்த்தால்தான் தெரியும். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா வைத்துப் படம் எடுத்து வைத்தேன், பைப்பும் வயரும் எங்கே போகின்றன என்று தெரியும்படி. இந்தப் படங்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான்காம் ஆண்டு சமையலறை. இங்கேதான் ஆசைக்கும் அளவுக்கும் சண்டை நடக்கும். 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஃப்ராங்ஃபர்ட் குடியிருப்புகளுக்காக ஒரு சின்னச் சமையலறையை வடிவமைத்தார். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எங்கே கை நீட்டுகிறார் என்று கணக்கிட்டு இடம் ஒதுக்கிய வடிவமைப்பு அது. அடுப்பு, சிங்க், குளிர்பெட்டி மூன்றையும் ஒரு முக்கோணமாகப் பார்க்கும் கணக்கு 1940களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவானது. மூன்று பக்கமும் சேர்ந்து எட்டு மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். எங்களுடைய பழைய சமையலறையில் குளிர்பெட்டி வாசலுக்கு வெளியே இருந்தது. அதை உள்ளே கொண்டுவந்ததில் கிடைத்த சுகத்துக்கு முன்னால் புது மேடைக் கல்லெல்லாம் ஒன்றுமே இல்லை.

மேடை உயரம் இன்னொரு விஷயம். பொதுவாக 85 முதல் 90 சென்டிமீட்டர் வரை வைப்பார்கள். ஆனால் நறுக்குபவரின் முழங்கைக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கீழே மேடை இருந்தால்தான் தோள் வலிக்காது. எங்கள் வீட்டில் இரண்டு பேரும் சமைக்கிறோம், இரண்டு பேருக்கும் உயரம் வேறு. பொது உயரத்திலேயே வைத்துவிட்டு, உயரமான எனக்குத் தடிமனான நறுக்குப் பலகை ஒன்று செய்துகொண்டோம். தீர்ந்தது.

கீழே தட்டுகள் வேண்டாம், முழுக்க இழுப்பறை போடுங்கள். பின்னால் இருக்கும் பாத்திரத்துக்காக மண்டியிட வேண்டாம். இழுவைத் தண்டவாளத்திலும் கீலிலும் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், தினமும் ஐம்பது தடவை அசைவது அவைதான். சிங்க் அடியில் பார்ட்டிக்கிள் போர்டு, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, வைத்தது எங்கள் தவறு. ஒரு சின்னக் கசிவிலேயே ஊறிப் பருத்து, இரண்டே ஆண்டில் தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்டுக்கு மாற்றினோம்.

நன்றாக இருந்த பழைய அலமாரிப் பெட்டிகளை அப்படியே வைத்துக்கொண்டு கதவுகளை மட்டும் மாற்றினோம். அன்று கை கடித்ததால் எடுத்த முடிவு, ஆனால் சரியான முடிவு. அமெரிக்காவில் ஆண்டுதோறும் வெளியாகும் 'காஸ்ட் வெர்சஸ் வேல்யூ' அறிக்கையின் 2024 கணக்கைப் பிற்பாடு படித்தேன். சமையலறையைச் சிறிய அளவில் புதுப்பித்தால் செலவில் ஏறக்குறைய 96 சதவீதம் விற்பனை விலையில் திரும்புகிறது, மிக ஆடம்பரமாக மாற்றினால் 38 சதவீதம்தான் என்கிறது அது. அந்த எண்கள் அந்த நாட்டுச் சந்தைக்கானவை. ஆனால் காரணம் எங்கும் ஒன்றுதான்: வாங்குகிறவருக்கு வேலை செய்யும் சமையலறை வேண்டும். நம் ரசனைக்கு அவர் ஏன் பணம் தர வேண்டும்?

இனி வருத்தங்கள். ஐந்தாம் ஆண்டு ஃபால்ஸ் சீலிங்கும் அதைச் சுற்றி மறைவிளக்குப் பட்டையும் போட்டோம். அறை உயரம் குறைந்தது. விளக்குப் பட்டை மூன்று ஆண்டில் பாதி எரியவில்லை, அதே நிறத்தில் மாற்றும் கிடைக்கவில்லை. மேலே என்ன இருக்கிறதோ என்ற சந்தேகத்தை வாங்க வந்தவர்களுக்குக் கொடுத்ததுதான் மிச்சம். ஒருவர் விளக்குக் குழி ஒன்றைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசவே உட்கார்ந்தார்.

அதைவிடப் பெரிய தவறு, சின்னப் படுக்கையறையின் சுவரை இடித்து வரவேற்பறையைப் பெரிதாக்கியது. மூன்று படுக்கையறை வீடு இரண்டு படுக்கையறை வீடானது. பெரிய கூடம் எங்களுக்குப் பிடித்துத்தான் இருந்தது, பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். ஆனால் அம்மா வந்து தங்கியபோது இடமில்லை. விற்கலாம் என்று விசாரித்ததும் முதல் கேள்வியே எத்தனை படுக்கையறை என்பதுதான். பத்தாம் ஆண்டு அதே இடத்தில் இலகுவான தடுப்புச் சுவர் எழுப்பி அறையைத் திரும்பக் கொண்டுவந்தோம். இடிக்க ஒரு செலவு, எழுப்ப ஒரு செலவு. அறைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் எந்த வேலையையும் பத்துத் தடவை யோசியுங்கள். அதுபோலவே மொட்டை மாடியில் ஒரு பகுதிக்கு அனுமதி வாங்காமல் கூரை போட்டோம். மதிப்பீட்டாளர் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பிரிக்கச் சொல்லி, பிரித்துவிட்டுத்தான் பத்திரத்துக்குப் போனோம்.

ஏழாம் ஆண்டு செய்த இரண்டு சிறு வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. கான்கிரீட் பகல் முழுவதும் வாங்கிவைத்த சூட்டை இரவில் கீழே இறக்கும்; பூச்சு அடித்த பிறகு மேல் அறையில் இரவுகளில் நல்ல வித்தியாசம் தெரிந்தது. தூசி படிந்தால் பலன் குறையும், கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்தது, ஜன்னல் விளிம்புகளில் ரப்பர் பட்டை. கண்ணாடியை மாற்றும் முன் இடுக்குகளை அடைத்துவிடுங்கள், பாதிச் சத்தம் காற்றோடுதான் உள்ளே வருகிறது.

கடைசியில் வீட்டை வாங்கிய குடும்பத்துக்கு நான் எடுத்து வைத்த சுவர்ப் படங்களையும் நீர்த்தடுப்பு வேலையின் பில்லையும் ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்தேன். அந்த வீட்டுப் பெண் ஒவ்வொரு படமாகப் புரட்டி, எந்தச் சுவர் என்று கேட்டுக் கேட்டுப் பின்பக்கம் எழுதிக்கொண்டார். அதற்கு முன் இரண்டு வாரமாக இழுத்த பேரம் அன்றே முடிந்தது.

நாங்கள் இப்போது பழைய வீடு ஒன்றுக்கு மாறியிருக்கிறோம். படுக்கையறைச் சுவரில் ஒரு இடம் லேசாக உப்பியிருக்கிறது. பென்சிலால் அதைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறோம். ஒரு மழைக்காலம் முடியட்டும், கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொத்தனாரைக் கூப்பிடுவோம்.