ஜிக்கா, மணியா, சினையா? ஸ்டீல்ஹெட்டுக்கு எதைக் கட்டுவது

டிசம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் வாஷிங்டன், ஓரிகன் மாநில ஆற்றங்கரைகளில் ஒரே பேச்சுதான். ஸ்டீல்ஹெட் மீனைப் பிடிக்கத் தக்கைக்குக் கீழே ஜிக் (இறகு கட்டிய ஈயத்தலைத் தூண்டில் முள்) கட்டுவதா, மீன்முட்டை போன்ற மணி கோப்பதா, இல்லை பழையபடி மீன்சினையா? ஸ்கைகோமிஷ், கௌலிட்ஸ், சாண்டி, வில்சன் என்று எந்த ஆற்றுக்குப் போனாலும் மூன்று கட்சிக்கும் ஆள் உண்டு. மூவருமே மீன் பிடிப்பார்கள் என்பதால் சண்டை தீர்வதும் இல்லை.

ஸ்டீல்ஹெட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட்டும் இதுவும் ஒரே இனம். ஆற்றிலேயே தங்கிவிட்டால் டிரவுட். கடலுக்குப் போய் ஓரிரு வருடம் தின்று கொழுத்து, உடம்பெல்லாம் வெள்ளியாய்ப் பிறந்த ஆற்றுக்குத் திரும்பினால் ஸ்டீல்ஹெட். பசிபிக் சால்மனைப் போல முட்டையிட்டதும் எல்லாம் செத்துப்போவதில்லை, சில திரும்பவும் கடலுக்குப் போகும். மூன்று முதல் ஐந்து கிலோ எடை சாதாரணம். குளிர்காலத்தில் ஆறேறும் மீனுக்கு இரை தேடி அலையும் எண்ணமே பெரிதாகக் கிடையாது. தண்ணீர் 4, 5 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால் உடம்பும் மந்தமாகிவிடும். அப்போது அது பத்தடி துரத்தாது. மூக்குக்கு நேராக, மெதுவாக, மிரட்டாமல் எதுவாவது வந்தால் மட்டும் வாயைத் திறக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரையோரம் நடந்து பிடிப்பவர் ஒரே ஒரு பெட்டியைத்தான் சட்டைப்பையில் வைக்க முடியும் என்றால் அது ஜிக் பெட்டியாக இருக்கட்டும். எல்லாத் தண்ணீரிலும் அதுதான் ஜெயிக்கும் என்பதற்காக இல்லை. தோற்கும் இடங்களையும் கீழே சொல்கிறேன்.

ஜிக் செய்யும் வேலை

பொருள் எளிமையானது. சாயம் பூசிய ஈயத் தலை, பெரும்பாலும் 1/8 அவுன்ஸ், அதாவது மூன்றரை கிராம். அதிலிருந்து பின்னால் நீளும் முள், அதைச் சுற்றி இறகோ முயல்தோலோ கட்டியிருக்கும். முள்ளின் கழுத்து செங்குத்தாக வளைந்திருப்பதால், தூண்டில் நரம்பில் தொங்கும்போது ஜிக் படுக்கை வாட்டத்தில், முள்முனை மேலே பார்த்தபடி நிற்கும். இதற்கு முடிச்சு, வளையத்தின் நடு உச்சியில் இருக்க வேண்டும். முன்பக்கம் சறுக்கிவிட்டால் ஜிக் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு மிதக்கும். நாலு தடவை வீசியபின் முடிச்சை நகத்தால் பின்னுக்குத் தள்ளிச் சரிசெய்யும் பழக்கம் வந்துவிட்டாலே ஒரு படி ஏறிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

முள்முனை மேலே பார்ப்பதில் இன்னொரு லாபம்: மீன் பெரும்பாலும் மேல்தாடையிலோ வாயோரத்திலோதான் குத்துப்படும். விழுங்கிவிடுவது அபூர்வம். காட்டுமீனை (ஆற்றிலேயே இயல்பாகப் பிறந்ததை) திருப்பி விடவேண்டிய ஆறுகளில் இது சின்ன விஷயம் இல்லை.

மராபூவா, முயலா, பிளாஸ்டிக்கா?

பேர்தான் மராபூ நாரை, இன்று கடையில் கிடைப்பது வான்கோழியின் மெல்லிறகு. உலர்ந்திருக்கும்போது பஞ்சுருண்டையாகத் தெரியும். நனைத்து வெளியே எடுத்தால் முள்ளோடு ஒட்டி, இவ்வளவுதானா என்று தோன்றும். தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள்: மூடிய அறையில் ஊதுவத்திப் புகை நெளிவதைப் போல ஒவ்வொரு இழையும் தனித்தனியாக அசையும். தண்ணீர் நிற்பதுபோலத் தெரியும் ஆழமான, கண்ணாடிபோன்ற மடுக்களில் இந்த அசைவுக்கு ஈடு இல்லை. கெட்ட குணமும் உண்டு. தக்கையை நீங்கள் இழுத்துப் பிடித்தாலோ ஓட்டம் வேகமாக உரசினாலோ இறகு மொத்தமும் முள்ளோடு படிந்து குச்சியாகிவிடும். நாலைந்து மீனுக்குப் பிறகு வழுக்கையும் விழும்.

முயல்தோல் நாடா நேர் எதிர். தண்ணீர் குடித்துக் கனக்கும், வீசும்போது தொப்பென்று விழும், ஆனால் ஓட்டத்தில் சுருங்காது. மழைக்குப்பின் ஆறு கலங்கி ஓரடி ஈரடிதான் பார்வை எட்டுகிறது என்றால் பருமனான உருவம்தான் மீனுக்குத் தெரியும். அங்கே முயல்தான். ரப்பர் பாவாடை, பிளாஸ்டிக் புழு வகையறாக்கள் இரண்டுக்கும் நடுவில். இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் புழுவை ஜிக் தலையில் கோத்துப் பிடிப்பவர்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நிறைய. உழைக்கும், மலிவு, சலசலப்பான தண்ணீரில் நன்றாகவே ஆடும்.

பலர் கவனிக்காத ஒன்று: அலையடிக்கும் தண்ணீரில் தக்கையே குதிக்கிறது, அந்தக் குதிப்பு நரம்பு வழியாக ஜிக்குக்கு இறங்குகிறது. அங்கே எதைக் கட்டினாலும் ஆடும். அமைதியான தண்ணீரில்தான் பொருள் தானாக ஆட வேண்டும். ஆகவே மராபூவின் விலை அமைதியான தண்ணீரில்தான் வசூலாகிறது.

நிறம்? பச்சை கலந்த நடுத்தரத் தெளிவுக்கு இளஞ்சிவப்பு, ஆரஞ்சு. ஆறு வற்றித் தெளிந்துவிட்டால் கறுப்பு, ஊதா, எடையும் 1/16 அவுன்ஸுக்கு இறக்கம். இதற்கு மேல் நிறத்தைப் பற்றி நடக்கும் பேச்சில் பாதி வியாபாரம்.

தக்கை சொல்லும் சேதி

ஜிக் வேலை செய்கிறதா என்பது தக்கையின் சாய்வில் தெரியும். ஆற்றின் மேல்மட்டம் அடிமட்டத்தைவிட வேகமாக ஓடும். தக்கையை அதன்போக்கில் விட்டால் அது முன்னே போக, ஜிக் பின்னால் இழுபடும். தக்கையின் தலை கீழ்த்திசையில் சாய்ந்தால் ஜிக் அடியில் உரசுகிறது, ஆழம் அதிகம். மேல்திசையில் சாய்ந்தால் நீங்கள் நரம்பை ரொம்பப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். நேராக நின்று, பக்கத்து நுரையைவிடக் கொஞ்சம் மெதுவாக நகர்ந்தால் சரி. பத்தரை அடி நீளத் தூண்டில் கோல் இதற்காகத்தான். நரம்பு ஓட்டத்தில் வில்லாக வளைந்து தக்கையை இழுக்கத் தொடங்கும்போது அதைத் தண்ணீரிலிருந்து தூக்கி மேல்திசைக்குப் புரட்டிப் போட குட்டைக் கோல் உதவாது.

ஆறேழு அடி ஆழம் வரை நிலைத்தக்கை (நரம்பில் ஒரே இடத்தில் நிற்பது) போதும், ஜிக்கின் எடையே அதை நிமிர்த்தும். அதற்கு மேல் ஓடுதக்கை, அதாவது நரம்பில் முடிச்சுவரை வழுக்கிப் போவது: நரம்பில் நூல் முடிச்சு, தக்கை, உள்ளே ஈயம், அதன்கீழ் இரண்டடி லீடர் (ஜிக்கைக் கட்டும் தனித் துண்டு நரம்பு). ஜிக் தரையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி உயரத்தில் போகட்டும். ஸ்டீல்ஹெட் மேலே வந்து எடுக்கும், கீழே குனிந்து தேடுவதில்லை.

மணி எங்கே முந்துகிறது

மணி என்பது முட்டையின் வேஷம். இலையுதிர்காலத்தில் சால்மன் முட்டையிடும்போது உருண்டு வரும் முட்டைகளுக்காகவே டிரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் பின்னால் காத்திருக்கும். அந்த நாட்களில் ஜிக்கைக் காட்டுவது வீண். குளிர்காலக் கடைசியில் ஸ்டீல்ஹெட்டே முட்டையிடத் தொடங்கும்போதும் அப்படித்தான். தண்ணீர் தெளிந்து, ஆள் நெருக்கடியும் கூடி, ஒவ்வொரு மீனும் காலையிலிருந்து பல ஜிக்கைப் பார்த்துவிட்ட மடுவாக இருந்தால் 10, 12 மில்லிமீட்டர் மணி சத்தமில்லாமல் ஜெயிக்கும்.

எனக்கு மணியிடம் பிடிக்காதது அதன் அமைப்பு. மணி மேலே, முள் இரண்டு அங்குலம் கீழே. மீன் மணியைக் கவ்வ, நாம் சுண்ட, முள் வாயின் வெளியோரத்தில் ஏறும். சரியாகக் கட்டினால் சுத்தமான குத்து. தூரம் அதிகமாக வைத்தால் கன்னத்திலும் செவுளருகிலும் ஏறும். அலாஸ்காவில் மணிக்கும் முள்ளுக்கும் இடையே இரண்டு அங்குலத்துக்கு மேல் கூடாது என்று சட்டமே போட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. மணிக்கு எடையும் கிடையாது, தனி ஈயம் வேண்டும். கையெல்லாம் விறைத்த காலையில் அறுந்ததை மறுபடி கட்டும்போது அந்த வித்தியாசம் தெரியும். ஜிக்குக்கு ஒரு முடிச்சு போதும்.

சினையும் அடியில் உருட்டும் முறையும்

கலங்கிய தண்ணீரில் சினையின் வாசனையை எதுவும் வெல்லாது. போராக்ஸ் தூவிப் பதப்படுத்திய சினை, ஹாட்சரி மீன் (பண்ணையில் குஞ்சு பொரித்து ஆற்றில் விட்டது) நிறைய ஏறும் ஆற்றில் சந்தேகமில்லாத முதல் தேர்வு. ஆனால் மீன் அதை விழுங்கும். வீட்டுக்குக் கொண்டுபோகும் மீனுக்குச் சரி, விடவேண்டிய மீனுக்குத் தப்பு.

ஈயத்தைத் தரையில் தட்டித்தட்டி உருட்டுவது இன்னும் பழைய முறை. ஜிக் உண்மையாகவே தோற்கும் இடம் இங்கேதான் வருகிறது. அடித்தளம் மூன்றடி, ஆறடி, மறுபடி மூன்றடி என்று மேடுபள்ளமாக இருந்தால் தக்கைக்கு ஒரே ஆழம்தான் தெரியும், உருளும் ஈயமோ தரையைத் தொட்டே போகும். பதிலுக்குப் பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டு ஈயமும் முள்ளும் போய்க்கொண்டே இருக்கும். கடையில் ஒரு ஜிக் சில டாலர்தான். தொங்கிக்கொண்டே போவதால் அவ்வளவாக மாட்டாது. அப்படியே மாட்டினாலும் லீடர் முக்கிய நரம்பைவிட வலுக்குறைந்ததாக இருந்தால் ஜிக்கோடு போகும், தக்கை மிஞ்சும்.

சட்டம் யார் பக்கம்

ஆற்றில் எது எடுபடும் என்பதற்கு முன் எது செல்லும் என்று பாருங்கள். வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டிய மீன் ஹாட்சரி மீன். துடுப்பு இருந்தால் காட்டுமீன், பெரும்பாலான ஆறுகளில் விட்டுவிட வேண்டும். வாஷிங்டனின் பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்கழியில் சேரும் ஆறுகளின் ஸ்டீல்ஹெட் 2007 முதல் அமெரிக்க மத்திய அரசின் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. 2020 டிசம்பரில் வாஷிங்டனின் கடலோர ஆறுகளில் இரையும் தடைசெய்யப்பட்டது, படகிலிருந்தபடி பிடிப்பதும் தடைசெய்யப்பட்டது. விதிகள் சீசனுக்குச் சீசன் மாறும், போகிற வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். இரை கூடாத ஆற்றில் சினை தானாகவே வெளியே. ஜிக்கின் நுனியில் இறால் துண்டு செருகுவதும், வாசனைத் திரவம் தடவுவதும் அதோடு போச்சு. எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிய ஒற்றை முள் ஜிக் மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல் உள்ளே போகும்.

விதிவிலக்கும் இருக்கிறது. ஓரிகனின் நார்த் அம்ப்குவா ஆற்றில் சுமார் 31 மைல் நீளத்துக்கு ஃபிளை (இறகு, நூல் கட்டிய செயற்கைப் பூச்சி) மட்டும்தான். அங்கே ஜிக், மணி, சினை மூன்றும் காருக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான்.